கூண்டு ஏற்றியாயிற்று!

ஐப்பசி மாதத்து அடைமழைக் காலை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. குழந்தையின் சீருடை இன்னும் காயவில்லை. மின்விசிறிக்கு அடியில் நாற்காலி முதுகில் தொங்குகிறது. கூடத்தில் செய்தி வாசிக்கிறார்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று ஆரம்பித்து, சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்று முடிக்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? "பள்ளிக்கூடத்துக்கு லீவு உண்டா என்று பாருடா" என்று பையனிடம் சொல்லிவிட்டு, மறுபடி குழம்பைக் கிளறப் போய்விடுகிறீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. வருஷா வருஷம் கேட்கும் வாக்கியம். "கூண்டு" என்றால் கிளிக் கூண்டா, சிங்கக் கூண்டா என்று யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஆனால் அதே வாக்கியத்தை ராயபுரத்திலும், காசிமேட்டிலும், திருவொற்றியூரிலும், எண்ணூர்க் குப்பங்களிலும் கேட்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள கரண்டி அப்படியே நின்றுவிடும். கடலுக்குப் போன மனிதர் திரும்பியாயிற்றா, படகைத் தூக்கிக் கட்டியாயிற்றா, நாளைக்கு அரிசிக்கு என்ன வழி என்று மூன்று கேள்விகள் ஒரே சமயத்தில் அவர்கள் மனத்தில் எழும். ஒரே ஊர், ஒரே செய்தி, இரண்டு விதமான சமையற்கட்டுகள்.

அந்தக் கூண்டு என்பது என்ன, அதற்கும் நம் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இந்த வாரம் சற்று விசாரிப்போமா?

மூங்கில் கூடையில் ஒரு பாஷை

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலை வழியாக வடக்கே பார்த்தால், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கொக்குக் கூட்டம் மாதிரி நிற்பது தெரியும். துறைமுகத்தில் உயரமான கம்பம் ஒன்று உண்டு. புயல் வரும்போது அந்தக் கம்பத்தில் கூம்பு வடிவமும் உருளை வடிவமுமான கூடைகளைப் பல விதமாக அடுக்கி ஏற்றுவார்கள். அவைதாம் கூண்டுகள். இரவில் கூடை தெரியாதல்லவா? அப்போது சிவப்பு, வெள்ளை விளக்குகள் அந்த வேலையைச் செய்யும். தந்தியும் ரேடியோவும் இல்லாத கப்பல்காரனும், எழுத்து வாசிக்கத் தெரியாத கட்டுமரக்காரனும் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பாஷை இது.

இந்தப் பாஷை பிறந்ததற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1864-ஆம் வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவைப் பெரும் புயல் ஒன்று தாக்கியது. ஹூக்ளி நதியில் கடல் ஏறிவந்து, ஏறக்குறைய அறுபதாயிரம் பேரைக் கொண்டு போயிற்று. ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் ஆரம்பத்தில் மசூலிப்பட்டினத்தில் அதே கதி. முன்னால் தெரிந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் சர்க்காருக்கு உறைத்தது. அடுத்த வருஷமே, 1865-இல், கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. பிறகு மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது. பத்து வருஷம் கழித்து, 1875-இல், இந்திய வானிலைத் துறையே ஏற்பட்டது.

இன்னொரு வேடிக்கை: உலகமெங்கும் வழங்கும் "சைக்ளோன்" என்ற பெயரும் நம் வங்கக் கடலோரத்தில் சூட்டியதுதான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், பாம்பு சுருட்டிக்கொள்வது போன்ற காற்று என்ற பொருளில், கிரேக்கச் சொல்லிலிருந்து 1848-இல் அதைப் படைத்தார். பெயர் வைத்த தொட்டில் நம்முடையது. பிள்ளைதான் பொல்லாத பிள்ளை!

ஒன்று முதல் பதினொன்று வரை

கூண்டுகள் மொத்தம் பதினொன்று. மனப்பாடம் செய்ய வேண்டாம். நாலு கொத்தாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

ஒன்றும் இரண்டும் தூரத்து எச்சரிக்கை. கடலில் எங்கேயோ தாழ்வு மண்டலம் இருக்கிறது என்பது ஒன்று. அது புயலாகவே ஆகிவிட்டது என்பது இரண்டு. துறைமுகத்துக்கு உடனே ஆபத்தில்லை. ஆனால் புறப்படுகிற கப்பலும் படகும் யோசித்துப் புறப்பட வேண்டும்.

மூன்றும் நாலும் உள்ளூர் எச்சரிக்கை. மூன்று என்றால் திடீர்க் காற்றும் மழையும் இங்கேயே அடிக்கலாம். நாலு என்றால் புயலால் இந்தத் துறைமுகத்துக்கே பாதிப்பு நேரலாம். ஆனால் கடைசி முன்னேற்பாடுகளுக்கு இன்னும் அவசியம் வரவில்லை.

ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பேரபாயம். இந்த இரண்டு கொத்துக்கும் உள்ளே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐந்தும் எட்டும் என்றால், புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் வைத்துக்கொண்டு கரையைக் கடக்கும். ஆறும் ஒன்பதும் என்றால், வலப்புறம் வைத்துக்கொண்டு கடக்கும். ஏழும் பத்தும் என்றால் நேரே துறைமுகத்தின் மேலேயே, அல்லது வெகு அருகில்.

பதினொன்று எல்லாவற்றிலும் பயங்கரமானது. வானிலைக் காரியாலயத்தோடு செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரியே கருதுகிறார் என்பது அதன் பொருள்.

இடப்புறமானால் என்ன, வலப்புறமானால் என்ன, அடிக்கப் போவது அடிக்கத்தானே போகிறது என்று நினைப்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுழல்கிறது. அது கிழக்கேயிருந்து மேற்கே கரை ஏறும்போது, மையத்துக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வடக்கே, அதாவது புயலின் வலப்பக்கம், இருக்கும் ஊர்களில் காற்று கடலை அள்ளி நிலத்தின் மேல் கொட்டும். ஆகையால் மகாபலிபுரத்துப் பக்கம் கரை ஏறுகிற புயலுக்கு ராயபுரத்துக்காரர்கள் பயப்படுவதில் அர்த்தம் உண்டு. வடக்கே நெல்லூர்ப் பக்கம் ஏறுகிற புயலில் காற்று அவர்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். கடல் அவ்வளவு ஏறாது.

இன்னொரு செய்தி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். புயல் நெருங்கியதும் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் பத்திரமாகக் கட்டி வைப்பார்கள் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை. பெரிய எண் ஏறினால் கப்பல்களை ஆழ்கடலுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். உள்ளே இருந்தால் சுவரில் மோதிக் கப்பலும் உடையும், துறைமுகமும் உடையும். வெளியே போன கப்பலுக்கும் சில சமயம் விதி காத்திருக்கும். 2012 அக்டோபர் 31-ஆம் தேதி "நீலம்" புயலின்போது, பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நிலைக்காமல் பெசன்ட் நகர்க் கரையில் வந்து தட்டி நின்றது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் கடலில் மாண்டார்கள். கரையில் நின்ற கப்பலை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போனார்கள்!

ரோஜா என்று ஒரு புயல்

2004 முதல் நம் கடற்புறத்துப் புயல்களுக்கு வரிசையாகப் பெயர் சூட்டுகிறார்கள். சுற்றியுள்ள நாடுகள் ஆளுக்குச் சில பெயர்களைக் கொடுத்து வைத்திருக்கின்றன. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி சென்னைக்கு வந்த புயலுக்குப் பாகிஸ்தான் கொடுத்த பெயர் "வர்தா". ரோஜாப்பூ என்று அர்த்தம்! மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அடித்து, ஊரிலிருந்த மரங்களைப் பல்லாயிரக் கணக்கில் சாய்த்துவிட்டுப் போயிற்று அந்த ரோஜா.

அன்று சாயங்காலம் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். காலையிலிருந்து ஊளையிட்ட காற்று திடீரென்று அடங்கியது. "அப்பாடா!" என்று ஜனங்கள் கதவைத் திறந்தார்கள். சற்று நேரந்தான். காற்று எதிர்த் திசையிலிருந்து மறுபடி அறையத் தொடங்கிற்று. நடுவில் வந்த அமைதி புயலின் முடிவல்ல, புயலின் கண். மையம் நம் தலைக்கு மேலே போகும்போது இப்படித்தான் ஓய்ந்ததுபோல் நடிக்கும். முதற் காற்றில் ஆட்டங் கண்ட மரமும் சுவரும் இரண்டாவது காற்றில்தான் விழும். மொட்டை மாடியில் பறந்து போன துணியை எடுக்கப் போகிற நேரமல்ல அது. வானொலியில் "புயல் முழுதும் கடந்துவிட்டது" என்று சொல்கிற வரையில் கதவைத் திறக்காதீர்கள்.

அமெரிக்காவில் வேறு விதம்

அயல் நாட்டுச் செய்திகளில் "டொர்னாடோ" என்று படிக்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்கலாம். இரண்டும் சுழல்காற்றுத்தான். ஆனால் டொர்னாடோ இடிமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி நிலத்தில் இறங்கும். அகலம் பெரும்பாலும் சில நூறு அடி. ஆயுள் பெரும்பாலும் சில நிமிஷம். போன வழியில் ஒரு வீடு தரைமட்டமாகும்; அடுத்த தெரு வீட்டில் கோலம்கூடக் கலையாது. அங்கே ஆபத்து என்னவென்றால், அது கூட்டமாக வரும். 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் 13 மாகாணங்களில் ஒரே நாள் பொழுதுக்குள் 148 டொர்னாடோக்கள் இறங்கின. 2011 ஏப்ரல் கடைசியில் நாலு நாளில் முந்நூறுக்கும் மேல். நமக்கு அண்டையிலுள்ள வங்காள தேசத்தில் 1989 ஏப்ரல் 26-ஆம் தேதி இறங்கிய ஒரே டொர்னாடோ ஏறக்குறைய 1,300 பேரைப் பலி கொண்டது.

நம் புயலோ பல நூறு கிலோமீட்டர் அகலம். பல நாள் ஆயுள். நிதானமாக, சொல்லிக்கொண்டு வரும் விருந்தாளி. ஆனால் அதுவும் தனியாக வந்து திருப்தி அடைவதில்லை. 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினம். ஒரு வாரம் கழித்து 19-ஆம் தேதி ஆந்திரத்துத் திவிசீமை. அங்கே சுமார் பதினாயிரம் பேர் மாண்டார்கள். 2016-இல் "நாடா" போய்ப் பத்து நாளில் "வர்தா". 2020-இல் "நிவர்" கடந்து ஒரு வாரத்தில் "புரெவி". ஒன்றுக்குக் கட்டிய கூரையை மற்றொன்று பிரித்துக்கொண்டு போகிறது.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு நடந்ததைத் தமிழ்நாட்டில் மறந்தவர் உண்டா? தனுஷ்கோடி என்ற ஊரே போயிற்று. ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலைக்குள் மறைந்தது.

மணல் எங்கே போயிற்று?

இனி வடக்கே நடப்போம். ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டுகிறோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்ட இடம் இது. ராயப்பர் என்றால் அர்ச். பீட்டர், மீனவர்களின் காவலர்; அவர் பெயரால்தான் ராயபுரம் என்பார்கள். அப்பால் காசிமேடு. அதற்கப்பால் தியாகராஜரும் வடிவுடையம்மனும் கோயில் கொண்ட திருவொற்றியூர். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. கடைசியில் எண்ணூர் முகத்துவாரம்.

வழியெல்லாம் ஒன்றைக் கவனியுங்கள். மெரினாவில் தண்ணீரில் கால் நனைக்க வேண்டுமானால் மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். இங்கேயோ சாலைக்கும் கடலுக்கும் நடுவில் பல இடங்களில் மணலே இல்லை, கருங்கற் குவியல்தான். ஒரே நகரத்தில் ஏன் இந்தப் பட்சபாதம்?

பட்சபாதம் கடலுடையதல்ல, நம்முடையது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நின்று புயலில் மாட்டிக்கொண்டன. 1746 அக்டோபரில் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படையைச் சின்னாபின்னமாக்கியது ஒரு புயல். 1872 மே மாதத்தில் பல கப்பல்கள் உடைந்தன. ஆகவே 1876-இல் கடலுக்குள் அலைதாங்கிச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். முடியும் தறுவாயில், 1881 நவம்பரில், இன்னொரு புயல் வந்து சுவரின் பெரும் பகுதியைப் பெயர்த்தெறிந்தது. அசரவில்லை, மறுபடி கட்டினார்கள்.

நம் கரையில் வருஷத்தின் பெரும் பகுதி அலைகள் மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. நடுவில் சுவர் வந்ததும் மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ஆனால் அலைகள் அங்கிருந்த மணலை மட்டும் வழக்கம்போல் அள்ளிக்கொண்டு போயின. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் கரை கரைந்தது. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. கல் கொட்டி ஓரிடத்தைக் காத்தால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது.

நாம் சாயங்காலம் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிற மணலில் ஒரு பங்கு அந்தக் குப்பங்களுக்குப் போயிருக்க வேண்டியது. மணல் இருந்தால் புயல் அலை அதன் மேல் ஓடி ஓய்ந்துபோகும். மணல் இல்லாத இடத்தில் நேரே வாசற்படிக்கு வரும். கூண்டு ஏறியதும் அந்தப் பெண்கள் திடுக்கிடுவது வெறும் பயந்த சுபாவத்தால் அல்ல என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கூண்டு சொல்லாத செய்தி

கூண்டு காற்றையும் கடலையும் பற்றித்தான் பேசும். மழையைப் பற்றி வாய் திறக்காது. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" கரை ஏறியது டிசம்பர் 5-ஆம் தேதி, வெகு தூரத்தில், ஆந்திரத்துப் பாபட்லா அருகே. ஆனால் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் மெதுவாக ஊர்ந்தபோதே 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் நகரம் மிதந்தது. ஆகையால் கூண்டின் எண் சிறியதாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மழைக்குத் தனியே நிறம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்த வெள்ளத்தோடு வடசென்னைக்கு வேறொரு விபத்தும் வந்தது. மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவியது. படகுகள், வலைகள், அலையாத்திச் செடிகள், கூழைக்கடாப் பறவைகள் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பிசின். குப்பத்து மனிதர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு ஊற்றியதைப் பத்திரிகைப் படங்களில் நாடே பார்த்தது. வீடுகளில் வெள்ளக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம், நாலு நாளில் போயிற்று. வலையில் ஏறிய எண்ணெய் போகாது. வலை போனால் தொழில் போயிற்று.

சொன்னால் கேட்பதே பாதி பிழைப்பு

இவ்வளவையும் சொல்லி உங்களைக் கலவரப்படுத்துவது நோக்கமல்ல. சந்தோஷமான கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவில் அடித்த பெரும் புயலில் இறந்தவர்கள் பதினாயிரம் பேர் அளவில். அதே ஒடிசாவில் 2013 அக்டோபரில் "பைலின்" வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. காற்று மாறவில்லை, சொன்னதைக் கேட்கும் பழக்கம் வந்தது. நம் சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் 2002 முதல் ராடார் ஒன்று கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மூங்கில் கூடைக்கு அது துணை.

ஆகவே, சகோதரிகளே, அடுத்த முறை கூண்டு ஏறியது என்று கேட்டால், குழம்பை இறக்கி வைத்துவிட்டு எண்ணைக் கேளுங்கள். ஒன்று, இரண்டு என்றால்: மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, குடிநீர், குழந்தைக்குப் பால் பவுடர், தினசரி மருந்து எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ரேஷன் கார்டு, பத்திரம், சர்டிபிகேட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைக்கலாம். மூன்று, நாலு என்றால்: மாடியிலுள்ள பூந்தொட்டியையும் தகரத்தையும் இறக்கிவிடுங்கள், செல்போனைச் சார்ஜ் செய்து வையுங்கள். ஐந்துக்கு மேல் என்றால்: வீட்டை விட்டு நகராதீர்கள், நகரச் சொன்னால் தயங்காமல் நகருங்கள். அறுந்த மின்கம்பியைத் தொடாதீர்கள். கடல் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் தண்டையார்ப்பேட்டையிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ வருகிறவளாக இருக்கலாம். மூன்றாம் எண் ஏறியதும், "இன்றைக்குப் போதும், வீட்டைப் பார், சம்பளத்தில் பிடிக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்புங்கள். உங்களுக்கு நாலு பாத்திரம். அவளுக்கு ஒரு குடும்பம்.

கூண்டை இறக்கிய பிறகு நாலைந்து நாள் கழித்து மீன்காரம்மா தெருவில் குரல் கொடுப்பாள். கூடையில் மீன் குறைவாக இருக்கும். விலை கூடுதலாக இருக்கும். "என்னம்மா, இப்படி விலை சொல்கிறாய்?" என்று வாய்வரையில் வரும். கொஞ்சம் அடக்கிக்கொண்டு, "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? படகு பத்திரமா?" என்று கேட்டுப் பாருங்கள். பேரம் அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.